கொலைக்களத்தில் நின்ற காவலர்

தமிழர் விழாக்களில் சிலப்பதிகாரம் மேடையேறும்போதெல்லாம் நாம் காண்பது பெரும்பாலும் வழக்குரை காதையே. தலைவிரி கோலமாய்க் கண்ணகி வருவாள், கையில் ஒற்றைச் சிலம்பு இருக்கும், அரியணையில் அமர்ந்த பாண்டியன் அவளை யாரென வினவுவான், சிலம்பு உடையும், மாணிக்கப் பரல் தெறிக்கும், மன்னன் வீழ்வான். பார்ப்போர் கண்ணில் நீர் பெருகும். ஒப்பனை அறையில் கண்ணகி வேடத்திற்குப் போட்டி, பாண்டியன் வேடத்திற்குப் போட்டி. வாயிலோன் வேடத்திற்குக்கூட ஒரு சிறுவன் கிடைத்து விடுகிறான். அவனுக்கும் பேசுவதற்கு ஒரு நல்ல இடம் உண்டு.

ஆனால் அதற்கு நான்கு காதைகள் முன்னே நிற்கும் கொலைக்களக் காதையை எவரும் மேடையேற்றி நாம் கண்டதில்லை. மேடை வேண்டாம், படிக்கும்போதே அதை விரைந்து கடந்து விடுகின்றோம். கோவலன் சிலம்பை எடுத்துச் சென்றான், பொற்கொல்லன் சூழ்ச்சி செய்தான், மன்னன் ஆராயாது ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான் என்று நான்கு தொடரில் கதை சொல்லி முடித்து விடுகின்றோம். பள்ளி நூல்களும் அவ்வாறே செய்கின்றன. இடையிலே ஒரு காட்சி இருக்கிறது. மனிதர் கூடி நிற்கும் இடத்தில் நல்லறிவு எவ்வாறு கரைந்து போகின்றது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய பகுதி நம் பழைய இலக்கியத்தில் வேறொன்று உண்டா என்பது ஐயமே. அதனைப் பற்றியே ஈண்டு எழுத எண்ணினோம். சங்கம் வைத்து வாழும் நமக்கு அதில் வேலை இருக்கிறது என்பது நம் கருத்து.

முதலில் மன்னனின் ஆணையை நோக்குவோம். அரசன் அந்த ஆணையை அரசவையில் இருந்து இடவில்லை. ஆடல் மகளிரின் கூத்தைக் கண்டு களித்த மன்னன்மீது ஊடல் கொண்டு, தலைநோவு என்று கூறித் தேவி எழுந்து போய்விடுகிறாள். அவளுடைய ஊடல் தணிக்க மன்னன் புறப்படுகின்றான். அமைச்சர் சுற்றத்தை நீங்கி, ஏவல் மகளிர் சூழச் செல்கின்றான் என்று இளங்கோவடிகள் குறித்துச் சொல்கிறார். அந்த வழியில்தான் பொற்கொல்லன் எதிர்ப்படுகின்றான். கேட்பதற்கு அமைச்சர் இல்லை. தடுப்பதற்கு ஆசான் இல்லை. ஊர்காவலரை அழைத்து மன்னன் ஆணையிடுகிறான். அந்த ஆணையிலும் ஒரு நிபந்தனை இருக்கின்றது. தேவியின் சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று கொணர்க என்பதே ஆணை. 'இருக்குமாயின்' என்ற அச்சொல் இக்காட்சி முழுவதற்கும் திறவுகோல். ஏனெனில் அந்த 'ஆயினை' அதன்பின் ஒருவரும் ஆராயவில்லை.

காவலர் கோவலன் இருக்குமிடம் வருகின்றனர். பொற்கொல்லன் அவர்களைக் காட்டி, அரசன் ஏவலால் சிலம்பைக் காண வந்தவர்கள் என்று கோவலனிடம் கூறுகின்றான். பிறகு அச்சிலம்பின் வேலைப்பாட்டைக் காவலர்க்கு விளக்குகின்றவனும் அவனே. குற்றம் சாட்டியவனே சான்றும் ஆகிறான்; தேர்ந்து சொல்லும் வல்லுநனும் ஆகிறான். தேவியின் சிலம்பைக் களவாடியவனும் அவனேயன்றோ! பின்னாளில் வழக்குரை காதையில் ஒரே நொடியில் தீர்ந்த ஐயம் இது. தேவியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். இதனை அறிய அரசவையும் வேண்டியதில்லை, ஊரை எரிக்கும் தீயும் வேண்டியதில்லை. உள்ளங்கையில் இருந்த பொருளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

காவலர் கொடியவர்களா? இல்லை. இங்கேதான் இளங்கோவடிகள் நம்மைத் திடுக்கிட வைக்கின்றார். கோவலனைக் கண்டவுடன் அவ்வீரர்கள் சொல்வது, இவன் தோற்றத்தையும் நிலையையும் பார்த்தால் கொலைக்கு உரியவன் அல்லன் என்பதே. சொல்பவன் ஒருவன் அல்லன். காவியம் பன்மையில் பேசுகிறது. கூட்டத்தில் ஒரு நல்லவன் இருந்தான், அவனைப் பலர் அடக்கிவிட்டனர் என்ற வழக்கமான கதை இதுவன்று. பலரும் தொடக்கத்தில் சரியாகவே நினைத்தனர். வாய் திறந்து சொல்லவும் செய்தனர். அப்படியிருந்தும் கோவலன் வெட்டுண்டான். எப்படி?

பொற்கொல்லன் உள்ளுக்குள் நகைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறான். அவன் பேச்சில் கோவலனைப் பற்றிய செய்தி ஒன்றுகூட இல்லை என்பதை ஊன்றிப் படிப்போர் காண்பர். அவன் பேசுவதெல்லாம் கள்வர் என்னும் இனத்தைப் பற்றியே. மந்திரம் முதல் கருவி ஈறாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று நூல் வழங்கும் புலவன்போல் அடுக்குகிறான். அரண்மனைக்குள்ளேயே புகுந்து, துயிலும் இளவரசன் மார்பிலிருந்து ஆரத்தைக் கவர்ந்த ஒரு கள்வன் கதையைச் சொல்கிறான். கேட்போர் மனத்தில் கோவலன் மறைகின்றான். கள்வன் என்னும் ஓர் உருவம் அவன் இடத்தில் வந்து நிற்கின்றது. தோற்றத்தில் நல்லவனாக இருக்கிறானே என்று சொன்னவர்களிடம், நல்லவனாகத் தோன்றுவதே கள்வரின் திறமை என்று சொல்லிவிட்டால், அதற்குப்பின் எந்தச் சான்றும் அவனுக்கு உதவாது. குற்றமின்மையே குற்றத்திற்குச் சான்றாகிவிடும்.

அடுத்துப் பேசுகிறவன் ஓர் இளைஞன். அவன் பொய் சொல்லவில்லை. தனக்கு நேர்ந்ததைச் சொல்கின்றான். மழைக்கால நள்ளிரவில், ஊர் உறங்கும் இருளில், நிலம் அகழும் உளியோடும் நீல உடையோடும் ஒருவன் தோன்றினானாம். தான் வாளை உருவ, அந்த வாளையே அவன் பறித்துக் கொண்டு மறைந்தானாம். பிறகு எங்கும் காணவில்லையாம். இதற்கும் பட்டப்பகலில் சிலம்பு விற்க வந்த வணிகனுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆனால் அஞ்சிய ஒருவனின் அனுபவக் கதை, கூட்டத்தில் ஆராய்ச்சியைவிட வலிமையுடையது. இளைஞன் இன்னும் ஒன்று சொல்கிறான். இவர்கள் செயல் அறிதற்கு அரியது. நாம் தவறவிட்டால் மன்னனும் நம்மை ஒறுப்பான். ஆவதை நீங்களே சொல்லுங்கள் என்று தோழரைக் கேட்கிறான்.

கேள்வி எழுந்தது. விடை சொல்ல வேண்டியவர்கள், சற்று முன் 'இவன் கொலைக்கு உரியவன் அல்லன்' என்று சொன்ன அதே வீரர்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில், கல்வியில்லாத, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசுகிறான். அவ்வளவுதான்.

இதனை ஊழ்வினை என்று கூறி அமைவது மரபு. காவியமும் ஊழைப் பேசுகின்றது, மறுப்பதற்கில்லை. ஆயின் ஊழ் ஒன்றே போதுமென்று அடிகள் எண்ணியிருந்தால், வாள் வீசியவனை மட்டும் காட்டியிருக்கலாமே! அவனுக்கு முன்னே இத்தனை பேரை நிறுத்தி, ஒவ்வொருவரையும் பேச வைத்து, ஒவ்வொரு பேச்சாலும் நீதி ஒரு படி இறங்குவதை ஏன் காட்ட வேண்டும்? ஊழ் வந்து சேர்ந்த வழி எது என்பதை அவர் எழுதி வைத்தார். அவ்வழி நல்லவர் சிலரின் வாயடைப்பின் ஊடே செல்கிறது.

நிற்க. மேலைநாட்டார் இதனை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தனர். 1951ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க உளவியலறிஞர் சாலமன் ஆஷ் என்பார் சில சோதனைகளை நடத்தினார். கோடுகள் சிலவற்றைக் காட்டி எவை சமநீளம் என்று கேட்பார். சூழ இருப்போர் அனைவரும் முன்னேற்பாட்டின்படி தவறான விடையைச் சொல்வர். உண்மை அறியாத ஒருவர் மட்டும் தம் கண்ணை நம்புவதா, கூட்டத்தை நம்புவதா என்று தடுமாறுவார். அத்தகைய வேளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தையே பின்பற்றின. அச்சோதனையில் நம்மைக் கவர்வது மற்றொரு முடிவு: சூழ இருப்போரில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், அந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கொலைக்களத்தில் இரண்டாம் முறையாக ஒருவன் வாய் திறந்திருந்தால் மற்றவர்க்கும் நா எழுந்திருக்கும் என்று நாம் எண்ணுவதற்கு இடமுண்டு. முதல் முறை சொல்வதற்குப் பெரிய துணிவு வேண்டியதில்லை. எதிர்ப்பு வந்தபின் மீண்டும் சொல்வதே அரிது.

வள்ளுவர் இதனை அறிந்தவர். பகைவர் நடுவே சாகத் துணிவோர் எளிதில் கிடைப்பர், அவை நடுவே அஞ்சாதவர் கிடைப்பதே அரிது என்று அவையஞ்சாமையில் (723) கூறினார். கொலைக்களத்து வீரர்க்கு இதைவிடப் பொருத்தமான உரை வேறில்லை. அவர்கள் போர்க்களத்தில் அஞ்சியிருக்க மாட்டார்கள். நம் சொற்பொழிவாளர்கள் அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய இரண்டு அதிகாரங்களையும் பேச்சுக்கலைக்கு இலக்கணமாக எடுத்தாள்வர். அது தகும். ஆனால் அவ்விரண்டும் பெரும்பாலும் பேசுவோனை நோக்கியவை. கேட்போனுக்குக் கடமை இல்லையா என்று தேடினால், அது அரசனுக்குரிய அதிகாரங்களில் கிடைக்கிறது. காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்புடைய வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்கிறது இறைமாட்சி (389). இடித்துரைப்போர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறது பெரியாரைத் துணைக்கோடல் (448). எதிரே அமைச்சு என்னும் அதிகாரம், அரசன் அறியாதவனாய் அறிந்தவர் சொல்லைத் தள்ளினாலும் உறுதி கூறுவது அமைச்சன் கடன் (638) என்கிறது.

வள்ளுவர் காலத்தில் கேட்க ஒருவன், சொல்லச் சிலர் என்று பிரிந்திருந்தனர். நம் சங்கங்களிலோ அரசன் இல்லை. தலைவரும் ஆண்டுக்கொரு முறை மாறுபவர். ஆகவே ஒவ்வோர் உறுப்பினரும் ஒரே வேளையில் மன்னராகவும் இருக்கிறோம், அமைச்சராகவும் இருக்கிறோம். கசப்பைப் பொறுக்கும் கடனும் நமதே; கசப்பைச் சொல்லும் கடனும் நமதே. இரண்டையும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிடுவதற்கு இது மிகவும் வசதியாக இருக்கிறது!

கோவலனை நாம் பூம்புகார் வணிகன் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். மதுரையில் அவன் யார்? ஊர் விட்டு ஊர் வந்த அயலான். கையில் முதலில்லை, கடைத்தெருவில் அறிமுகமில்லை. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த மாதரியின் வீட்டில் ஒண்டியிருப்பவன். 'இவரை நான் அறிவேன்' என்று சொல்ல அந்தக் கடைத்தெருவில் ஒருவரும் இல்லாமற் போனதே அவனுடைய பெருங்குறை. காவலருள் ஒருவன் ஆயர்பாடிக்கு ஓடிக் கேட்டிருந்தால் மாதரி வந்திருப்பாள். பின்னர் அம்முதியவள் அடைக்கலத்தை இழந்தேனே என்று தீயில் புகுந்தாள் என்றும், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்றும் நூல் கூறுகின்றது. பொறுப்பேற்றவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். பொறுப்பில் நின்ற காவலர் என்ன ஆனார்கள் என்பதில்லை.

இத்தீவுகளில் நாம் அனைவரும் ஒரு காலத்தில் கோவலன் நிலையில் வந்திறங்கியவர்களே. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மூன்று நாள் கடலைப் பார்த்துக் கொண்டே வந்து, போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தகரப்பெட்டியோடு நின்ற நம் முன்னோர்க்கு முதலில் தேவைப்பட்டது வேலையன்று, 'நம்ம ஊர்ப் பையன்தான்' என்று ஒரு கடைக்காரரிடம் சொல்லக்கூடிய ஒரு நாவே. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு இது இருமடங்கு உண்மை. பிறந்த மண் அயலாக்கியது. வந்த மண்ணும் முதலில் அயலாகவே பார்த்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கச்சால் அழிவுற்றபோது, யார் யார் அங்கே இருந்தனர் என்று அடையாளம் சொல்லத் தெரிந்தவர்களே பெருந்துணை ஆயினர். சங்கம் என்பது கலைநிகழ்ச்சிக்காக மட்டும் தோன்றியதன்று. ஒருவரை ஒருவர் அறிந்து வைத்திருந்து, வேண்டும்போது 'அறிவோம்' என்று சொல்வதற்காகத் தோன்றியது.

'இவன் ஒற்றன்' என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதையும் இம்மண் கண்டிருக்கின்றது. 1942 மார்ச்சு முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் பிடிபட்டோர் செல்லுலர் சிறையில் பட்ட பாட்டை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான தீவான் சிங் அவ்வாறு வதையுண்டு 1944 சனவரியில் மாண்டார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அங்கும் ஐயம் இருந்தது, ஆராய்ச்சி இல்லை. அயலவர் ஆட்சியின் துப்பாக்கி முனையில் வாய்மூடிய மக்களை நாம் குறைகூற மாட்டோம். துப்பாக்கி இல்லாத இடத்திலும் வாய்மூடுகின்றோமே, அதுதான் நம்மை உறுத்துகிறது.

இனிச் சொல்லப் போவது நம் சொந்தக் கதை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் செயற்குழுவில் இருந்த ஓர் அமைப்பில் பொங்கல் விழா முடிந்தபின் ஒரு ரசீதுப் புத்தகம் காணாமற் போயிற்று. பொருளாளர் அரசுப் பணியில் இருந்தவர், அதிர்ந்து பேசாதவர், விழா நாளில் தம் பணத்தைப் போட்டு ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் கேட்க மறந்து போகும் இயல்பினர். குழு கூடியது. அவர் அன்று வரவில்லை, மகளுக்குக் காய்ச்சல். முதலில் எல்லாரும், 'சேச்சே, அவர் அப்படிப்பட்டவர் அல்லர்' என்றே சொன்னோம். நாமும் சொன்னோம். பிறகு மூத்தவர் ஒருவர், பணம் கையாளும் இடத்தில் எவரையும் நம்ப முடியாது என்று பொதுவாகப் பேசினார். மற்றொருவர் தம் சொந்த ஊரில் சீட்டுப் பிடித்தவன் ஒருவன் இரவோடிரவாக ஓடிப்போன கதையைச் சொன்னார். அது உண்மைக் கதை. அவர் தங்கையின் நகைப் பணமும் அதில் போயிருந்தது. 'வெளியே தெரிந்தால் நம் பெயர் என்னாவது?' என்று ஒரு குரல். சற்று நேரம் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக் கொண்டிருந்தோம். பொறுப்பிலிருந்து விடுவிப்பது என்று ஒருவர் முன்மொழிந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அந்த ஒருமனத்தில் நம் கையும் உயர்ந்தது.

இரண்டு திங்கள் கழித்து அந்தப் புத்தகம் விழாச் சாமான்கள் வைத்த மரப்பெட்டியின் அடியில் கிடைத்தது. கணக்கு ஒரு காசும் குறையவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதலாம் என்று பேசினோம். அது அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் வேறு பொருள்கள் இருந்தன.

கொலைக்களக் காதையை அதற்கு முன்பே பலமுறை படித்திருந்தோம். அதைப் பற்றி உரையாற்றியும் இருந்தோம். மேடையில் பொற்கொல்லனை வைதோம். வாள் வீசியவனை வைதோம். காவலர்மேல் நம் பார்வை சென்றதே இல்லை. திறனாய்வு என்பது நூலின் குறைநிறைகளை எடைபோடுவது என்று கற்றிருந்தோம். நூல் நம்மை எடைபோடும் என்பதைக் கற்கவில்லை.

இளங்கோவடிகளிடமும் நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. பாண்டியனுக்குப்பின் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன், பத்தினிக்குச் சாந்தி செய்வதற்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகின்றது. ஒருவன் செய்த பழிக்கு ஆயிரவர்! அவர்களில் எத்தனை பேர் அந்தச் சிலம்பைக் கண்ணால் கண்டிருப்பர்? கோவலனைக் கொன்ற அதே தவற்றை ஆயிரம் மடங்காக்கிச் செய்து, அதற்கு வேள்வி என்று பெயரிட்டார்கள். மழை பெய்தது, நாடு செழித்தது என்று நூல் அமைதியாக நகர்ந்து விடுகின்றது. ஒருவனுக்காகக் கதறிய காவியம் ஆயிரவருக்காக ஒரு சொல்லும் சிந்தவில்லை. அடிகள் காலத்து வழக்கம் அது என்று அமைதி கூறுவோர் கூறலாம். நமக்கு அது நிறைவளிக்கவில்லை. வங்காளியர், தெலுங்கர், மலையாளியர், ராஞ்சியிலிருந்து வந்தோர், நிக்கோபாரியர் எனப் பலரும் அருகருகே வாழும் இத்தீவில், ஒருவன் செய்ததற்கு அவன் இனத்தையே 'இவர்களே இப்படித்தான்' என்று பேசும் பேச்சு டீக்கடைகளில் நாள்தோறும் கேட்கிறது. நம்மைப் பற்றியும் பேசுகிறார்கள், நாமும் பேசுகிறோம். அது ஆயிரவர் பலியின் சிறிய வடிவம்.

இளைஞர் இலக்கிய வட்டத்தார் இம்முறை எந்தக் காதையை நடிக்கலாம் என்று கேட்டபோது, கொலைக்களக் காதையைச் சொன்னோம். அதில் காவலர்க்கு என்ன வசனம் என்று ஒரு பிள்ளை கேட்டான். முதலில் ஒன்று உண்டு, பிறகு இல்லை என்றோம். வசனம் இல்லாத வேடம் எதற்கு என்று அவன் வழக்குரை காதைக்கே போய்விட்டான்.

அந்தப் பொருளாளர் குடும்பம் அதன்பின் எந்த விழாவிற்கும் வரவில்லை. அப்போது அவர் மகள் ஞாயிறு தோறும் தமிழ் வகுப்பிற்கு வந்து கொண்டிருந்தாள். ஆத்திசூடியில் பாதி முடித்திருந்தாள். சென்ற ஆண்டு அபர்டீன் கடைத்தெருவில், தன் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கிக் கொண்டிருந்த அவளைக் கண்டோம். அப்பா எப்படி இருக்கிறார் அம்மா என்று கேட்டோம். அவள் நம்மை அடையாளம் கண்டு, வணங்கி, அவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்று இந்தியில் சொன்னாள்.